ஊரில் இல்லாத எல்னா

எல்னாவுக்கு ஐம்பது வயதாவதை யாராலும் தடுக்க முடியவில்லை. தன்னால் முடிந்ததை அவள் செய்தாள். மாவட்டப் பத்திரிகை அலுவலகத்துக்கு நடந்துபோய் ஒரு விளம்பரம் கொடுத்துவிட்டு வந்தாள்: 'என் ஐம்பதாம் பிறந்தநாளன்று நான் ஊரில் இல்லை. எல்னா ரோன்.'

தால்ஸ்லாண்டு வட்டாரத்தின் ஏரிக்கரை ஊர்களில் இதற்கு ஒரே பொருள்தான். ஐம்பது ஆகிறவர்கள் அன்றைக்கு வாசல் கதவை விரியத் திறந்துவைத்து, அழைத்தவர் அழைக்காதவர் எல்லோருக்கும் காபி ஊற்றியாக வேண்டும். ஏழு வகை பிஸ்கட்டும் கேக்கும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக நல்ல பீங்கான் வேண்டும். அதற்கு வக்கில்லாதவர்கள் 'ஊரில் இல்லை' என்று பத்திரிகையில் போட்டுவிட்டு, திரைச்சீலைகளை இழுத்து மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே பதுங்கிக் கிடப்பார்கள். உள்ளேதான் இருக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்ததுபோல் காட்டிக்கொள்கிறவன்தான் நாகரிகம் கெட்டவன். தச்சன் ஒருவன் 'ஊரில் இல்லாத' அன்று பொழுது போகாமல் கூரைமேல் ஏறி ஆணி அடித்துக்கொண்டிருந்தானாம். தெருவோடு போன பாதிரியார் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இந்த வருஷம் மரங்கொத்தி ஜாஸ்தி" என்று சொல்லிக்கொண்டே நடந்தாராம். அவரல்லவோ பெரிய மனிதர்!

எல்னாவிடம் பிஸ்கட்டு சுடத் தெம்பு இருந்தது. பீங்கான்தான் இல்லை. அது எங்கே போனது என்று அவளுக்கும் புருஷன் ரூனேவுக்கும் ஏரிக்கும் மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தாள்.

கதை ஊர்க் காகித ஆலையில் தொடங்குகிறது. அந்த ஊரில் எதுவுமே ஆலையில்தான் தொடங்கும்.

முதலில் அங்கே மீன் பொட்டலம் கட்டுகிற முரட்டுத் தாள்தான் செய்தார்கள். பிறகு முதலாளியின் மருமகள் ஜெர்மனியிலிருந்து ஓர் இயந்திரத்தை வரவழைத்தாள். அது தாளைக் குத்திக் குத்தி லேஸ்போல ஆக்கித் துப்பும். கேக்குக்கு அடியில் விரிக்க அப்படி ஓர் அழகு. பாதிரியார் மனைவி அதைப் பார்த்துவிட்டு, கோவில் பீடத்துத் துணியைவிட இது நேர்த்தி என்று வாய்தவறிச் சொல்லி, ஒரு வாரம் வெளியே தலைகாட்டவில்லை. போர்க்காலத்தில் லினன் துணி கிடைக்காமல் போனதும் காகிதக் கைக்குட்டை பிழைத்துக்கொண்டது. அப்புறம் மெழுகில் முக்கிய கோப்பை, தட்டு, கிண்ணம். அச்சு பிசகியதெல்லாம் தொழிலாளிகளின் வீட்டுக்குப் போகும். அதனால் அந்த ஊரில் ஞானஸ்நான விருந்தில் கொடுக்கு இழந்த நன்னீர் நண்டுப் படம் போட்ட கைக்குட்டையும், சாவு வீட்டில் இரண்டு மூக்கு முளைத்த கிறிஸ்துமஸ் குள்ளனும் வாய் துடைக்க வருவார்கள். துக்கத்திலும் யாரும் அழுது முடிக்க முடியாது.

எல்னா சின்ன வயதிலேயே ஆலைக்கு வந்துவிட்டாள். ஓடுகிற பட்டையின் கடைசியில் நின்று பிசகியதைப் பொறுக்கும் வேலை. எட்டு மணி நேரம் நின்றாலும் அவளுக்கு அது சொர்க்கம். ஏனென்றால் அதற்கு முன்னால் அவள் செய்தது பாத்திரம் கழுவும் வேலை. அவள் அம்மா தெக்லா பண்ணை மாளிகையில் சமையற்காரி. எல்னா முக்காலிமேல் ஏறி நின்று, சோடாத் தண்ணீரில் முழங்கை வரை முக்கி, பண்ணைக்காரர்கள் தின்று போட்டதையெல்லாம் கழுவினாள். குளிர்காலத்தில் விரல்கள் வெடித்து, வெண்ணெய் தடவினாலும் எரியும். ஒரு பாத்திரத்தில் ஒருவர் சாப்பிட்டதும் அது தானாக மறைந்து போகாதா என்று அந்தப் பிள்ளை வேண்டிக்கொள்ளும். ஆலை அந்த வேண்டுதலைக் கேட்டதுபோல இருந்தது.

தெக்லாவுக்கு நேர் எதிர்ப் புத்தி. பண்ணைக்கார அம்மா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவளுக்கு ஒரு கோப்பையும் அடித்தட்டும் கொடுப்பாள். ஊதினால் பறக்கிற மெல்லிய பீங்கான், பக்கவாட்டில் ரோஜா. மற்ற வேலைக்காரிகள் கம்பளி கேட்டு வாங்கினார்கள். தெக்லா கிழிந்த காலுறையோடு நின்று கோப்பையை வாங்கினாள். ஒரு டஜன் சேர்ந்தபோது எல்னாவுக்குக் கல்யாணம் ஆனது. அத்தனையையும் வைக்கோலில் பொதிந்து மகள் கையில் கொடுத்தாள். தங்க விளிம்பு போட்ட ஒன்றை மட்டும் தொட்டுக் காட்டி, "இது என் கப்பு. நான் வந்தா இதுலதான் குடிப்பேன்" என்றாள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஸ்டெல்லான் என்ற விளம்பரக்காரர் கோத்தன்பர்க்கிலிருந்து ஆலைக்கு வந்து சேர்ந்தார். 'கழுவாதே, எறி!' என்பது அவர் கண்டுபிடித்த மந்திரம். அதற்கு ஒரு படம் வேண்டும்: படகுத்துறையில் ஒரு குடும்பப் பெண் பழைய பீங்கானை ஏரியில் வீசுகிறாள், பக்கத்துக் கூடையில் ஆலையின் காகிதக் கோப்பைகள் அடுக்கியிருக்கின்றன. நல்ல புஜமும் நல்ல பல்லும் இருந்ததால் எல்னாவைப் பொறுக்கினார்கள். ஆலையே வேடிக்கை பார்க்கத் திரண்டு வந்தது.

வீசுவதற்கென்று ஆலை உணவுக்கூடத்திலிருந்து விரிசல் விட்ட தடித்த வெள்ளைக் கோப்பைகள் வந்திருந்தன. ஸ்டெல்லான் ஒன்றை எடுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"என்னம்மா இது, ஆஸ்பத்திரிச் சாமான் மாதிரி? படத்துல மாவு உருண்டை பறக்கிற மாதிரியில்ல இருக்கும்? பூப்போட்டதா எதுவும் கிடைக்காதா?"

"எங்கிட்ட இருக்கு சார்."

வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. ஆனால் அத்தனை பேர் நடுவில், புள்ளி போட்ட டை கட்டிய மனிதர் ஒருவர், "அப்படியா! சபாஷ்!" என்று தோளில் தட்டிவிட்டால் பிறகு எப்படிப் பின்வாங்குவது? வீட்டுக்கு ஓடினாள். கூடையோடு வந்தாள். ஒன்றே ஒன்றை, அடியில் சின்னக் கீறல் இருந்ததை, வீசுவது. மற்றவற்றைச் சும்மா கையில் பிடித்துக்கொண்டு நிற்பது என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள்.

கீறல் கோப்பை வெயிலில் ஒருமுறை புரண்டு, ரோஜாவைக் காட்டிவிட்டு, 'ளக்' என்று உள்ளே போனது. அந்தச் சத்தம் அவள் முதுகெலும்பு வழியே இறங்கியது. முக்காலியும் சோடாத் தண்ணீரும் வெடித்த விரல்களும் அதோடு சேர்ந்து முழுகியதுபோல மனசு லேசானது. இன்னொன்று. இன்னொன்று. துறையில் நின்றவர்கள் கைதட்ட, கேமரா சடசடக்க, அவள் வாயைத் திறந்து கடைவாய்ப் பல் தெரியச் சிரித்துக்கொண்டே வீசினாள். தங்க விளிம்பு கையில் வந்தபோதும் கை நிற்கவில்லை. கூடையில் வெறும் வைக்கோல்தான் மிச்சம் என்பது கை துழாவியபோதுதான் தெரிந்தது.

அடுத்த வீட்டு சிக்னே பக்கத்தில் வந்து, "எவ்வளவு அழகான கப்பு! கம்பெனிக்குக் கொழுப்பைப் பாத்தியா" என்றாள்.

"ஆமா," என்றாள் எல்னா. பொய்களில் அதுதான் தலைச்சன்.

சாயங்காலம் கொதிகலன் வேலை முடிந்து கரி படிந்த முகத்தோடு வந்த ரூனே, திறந்து கிடந்த அலமாரியைப் பார்த்தான்.

"கப்பெல்லாம் எங்கே?"

"ஏரியில."

அவன் உட்கார்ந்து மீனையும் உருளைக்கிழங்கையும் முழுசாகத் தின்று முடித்தான். "உங்கம்மாகிட்ட யாரு சொல்றது?"

"நான்தான். ஞாயித்துக்கிழமை போறேன்ல."

அப்போதே தெக்லா ஏரிக்கு அக்கரையில் முதியோர் இல்லத்தில் இருந்தாள். கண் இரண்டும் பால் படிந்து, வெளிச்சம் இருட்டு மட்டும் தெரியும். எல்னா கோட்டைக் கழற்றுவதற்குள் கிழவி கேட்டாள்:

"என் கப்பு எப்படி இருக்கு?"

வழியெல்லாம் உருப்போட்டுக்கொண்டு வந்த வாக்கியத்துக்குப் பதில் வேறொன்று வாயில் வந்தது. "அலமாரியில இருக்கும்மா. நேத்துதான் துடைச்சு வெச்சேன்."

"நல்லது."

அடுத்த வாரமும் அதே கேள்வி. ஒரு பொய்யைத் தனியாக விட்டுவைத்தால் செத்துப்போகும், அதற்குத் தீனி போட வேண்டும் என்பது எல்னாவுக்குச் சீக்கிரமே பிடிபட்டது. தூசு படியாமலிருக்கக் கோப்பையைக் கவிழ்த்து வைத்திருப்பதாகச் சொன்னாள். வெயிலில் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கத்து விரல் நிழலாகத் தெரிகிறது என்றாள். ஒருநாள் ரோஜாவின் அடி இலையில் முன்பு பார்க்காத ஒரு பனித்துளி வரைந்திருப்பதைக் கண்டதாகச் சொன்னாள். தெக்லா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பாள். கடைசியில், "உன் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு வந்து அதுலதான் குடிப்பேன். அதுவரைக்கும் எமன் வந்தாலும் வாசல்லயே நிக்கட்டும்" என்பாள். எல்னா படகில் திரும்பும்போது தண்ணீரைப் பார்க்காமல் வருவாள்.

அவள் சிரிப்பு பொட்டலத்தின்மேல் ஏறி நாடெல்லாம் போனது. ஆலை உணவுக்கூடத்தில் ஆளுயரப் படமாகத் தொங்கியது. தினமும் தன் கடைவாய்ப் பல்லுக்குக் கீழே உட்கார்ந்து தன் ரொட்டியைத் தின்றாள். பிறகு காலம் மாறியது. பள்ளிக்கூடத்து இளம் டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் ஏரிக்கரைக் குப்பையைப் பொறுக்கி, ஆலை வாசலில் காகிதக் கோப்பைகளை மலையாகக் குவித்தாள். நிர்வாகம் சத்தமில்லாமல் படத்தை இறக்கியது. நூலகத்துக் கண்ணாடி ஜன்னலில், 'நம் ஏரியில் கிடைத்தவை' என்று துருப்பிடித்த சைக்கிள் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு கோப்பைப் பிடி வைத்திருந்தார்கள். பிடியோடு ஒட்டிக்கொண்டு பாதி ரோஜா. அதன்பிறகு எல்னா எதிர்ச்சாரியில்தான் நடந்தாள்.

அதற்கு அடுத்த ஜூனில் அவளுக்கு ஐம்பது.

அன்று காலை, திரை மூடிய வீட்டில் ரூனே ஜன்னலுக்குக் கீழே தவழ்ந்து கழிவறைக்குப் போனான். கொதிகலனையே அடக்கியவன் தன் வீட்டில் குழந்தைபோலத் தவழ்ந்தான். பூனை வெளியே மாட்டிக்கொண்டு ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து உள்ளே பார்த்துக் கத்தியது. காபி இல்லாமல் தலைவலி வரும் என்று ரூனே முனகியதால் கெட்டிலை மட்டும் அடுப்பில் வைத்தாள். அதுதான் காட்டிக்கொடுத்தது.

பத்து மணிக்கு மேஸ்திரி யால்மார் தலைமையில் ஆலைக்காரர்கள் பச்சை நிறக் கேக்கோடு வந்தார்கள். சிக்னே வேலி தாண்டி வந்து சேர்ந்துகொண்டாள். வீட்டில் ஆளில்லை என்பதால் வாழ்த்துப் பாட்டைத் தணிந்த குரலில் மூடிய கதவுக்குப் பாடினார்கள்.

யால்மார் தொண்டையைச் செருமினார். "எல்னா இருந்திருந்தா இதைக் கையிலயே குடுத்திருப்போம். இல்லாததால படியில வெக்கிறோம். பூனை நக்காம யாராவது பாத்துக்கிட்டா தேவலை."

உள்ளே ரூனே தும்மினான். ஓட்டுக்கூரை அதிர்கிற தும்மல்.

"மரங்கொத்தி," என்றார் யால்மார்.

"அதுக்கும் ஜலதோஷம் பாவம்," என்றாள் சிக்னே.

எல்லோரும் திரும்பிப் போகக் காலெடுத்த நேரத்தில் ஒரு டாக்சி வந்து நின்றது. ஓட்டுநர் கைத்தாங்கலாக இறக்கியது தெக்லாவை. கறுப்புத் தொப்பி, கைத்தடி, கோட்டுப் பை நிறைய சர்க்கரைக் கட்டி.

சிக்னே பதறிப்போய் ஓடினாள். "தெக்லாம்மா! எல்னா ஊர்ல இல்லையே. பேப்பர்ல போட்டிருக்கே!"

"படிச்சுக் காட்டினாங்க. எனக்குக் கண்ணுதான் போச்சு, மூக்கு போகலை. ஊர்ல இல்லாதவ வீட்டுல காபி தானா கொதிக்குதா?"

எல்லோருடைய கண்ணும் வேலியோரத்து லைலாக் பூக்களுக்குப் போனது. கிழவி தடியால் துழாவி, கேக்கை ஓரமாகத் தள்ளிவிட்டு, படியில் உட்கார்ந்தாள். கதவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

"என் மக வீட்ல இருந்தா அவகிட்ட ஒண்ணு சொல்லணும்னு வந்தேன். இல்லாததால இந்தக் கதவுகிட்ட சொல்றேன். கதவே, கேளு. பல வருஷத்துக்கு முன்னால எங்க இல்லத்துல காகிதத் தட்டு வாங்கினாங்க. எடுபிடிப் பொண்ணு பொட்டலத்தைப் பிரிச்சுட்டு, 'தெக்லாம்மா, உங்க பொண்ணு இதுல இருக்காங்க, என்னமா சிரிக்கிறாங்க!' அப்படின்னா. கையில என்னடி வெச்சிருக்கான்னேன். ரோஜாப்பூ போட்ட கப்புன்னா. விளிம்பு எப்படின்னேன். தங்கம்னா."

உள்ளே எல்னா கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். காது மடல் வரை நெருப்பாக எரிந்தது. அப்படியென்றால் ஒவ்வொரு ஞாயிறும். கவிழ்த்து வைத்தது, விரல் நிழல், பனித்துளி. ஒவ்வொன்றையும் தெரிந்துகொண்டே தலையாட்டியிருக்கிறாள்.

"அந்த ஞாயித்துக்கிழமை நான் கேட்டேன். சொல்லிடுவான்னு நெனைச்சேன். சொல்லலை. அடுத்த வாரம் சொல்லுவான்னு பாத்தேன். பனித்துளி வரைக்கும் போனா, கதவே! முதல்ல கோவம் வந்துச்சு. அப்புறம் எவ்வளவு தூரம் போறான்னு பாக்கத் தோணுச்சு. அவ சொன்ன கப்பு நல்லா இருந்துச்சு. என்கிட்ட இருந்ததைவிட அழகா இருந்துச்சு. அதனாலதான் எனக்கு இன்னும் வயித்தெரிச்சல்."

ரூனே தவழ்ந்து வந்து எல்னாவின் காதில் கிசுகிசுத்தான். "திற."

"எல்லாரும் நிக்கிறாங்க."

"நின்னா என்ன? நீதான் ஊர்ல இல்லையே."

எல்னா கதவைத் திறந்தாள். இரவு உடைமேல் ரூனேயின் கம்பளிச் சட்டை, தலையில் முடி சுருட்டும் ஊசிகள். வெளியே நின்றவர்கள் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

"நான் இங்கதான் இருக்கேன்!" தன் குரல் அவளுக்கே பயமாக இருந்தது. "ஊர்ல இல்லைங்கறது பொய். அந்தக் கப்பு கம்பெனி கப்பு இல்ல, எங்கம்மாவோடது. நான்தான் ஏரியில போட்டேன். சிரிச்சுக்கிட்டே போட்டேன். கேக்குதா உங்களுக்கு?"

"இந்த வருஷம் லைலாக் சீக்கிரமே பூத்துடுச்சு," என்றார் யால்மார், சிக்னேயைப் பார்த்து.

"வாசனையும் தூக்கல்," என்றாள் சிக்னே. அவள் கழுத்து சிவந்துவிட்டது. எல்னா வந்ததும் வாழ்த்தைச் சொல்லிவிடும்படி கதவு நிலையிடம் கேட்டுக்கொண்டு, வரிசையாக வெளியே போனார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. எல்னா தன் வீட்டுப் படியில், யார் கண்ணுக்கும் தெரியாமல், அம்மணமாக நிற்பதுபோல நின்றாள்.

"கத்தாதடி," என்றாள் தெக்லா. "ஊர்ல இல்லாதவ இப்படியா கத்துவா? காபி கொண்டா."

வீட்டில் இருந்ததெல்லாம் ஆலைக் கோப்பைதான். கொண்டுவந்து கையில் கொடுத்தாள். தெக்லா சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையை நீட்டினாள். அவள் என்றைக்குமே காபியை அடித்தட்டில் ஊற்றி உறிஞ்சுகிறவள். காகிதக் கோப்பைக்கு ஏது அடித்தட்டு? எல்னா உள்ளே ஓடிப்போய் ஒரு கிண்ணத்தை எடுத்து வந்தாள். அச்சு பிசகி, இரண்டு மூக்குக் குள்ளன் படம் போட்ட கிண்ணம். தெக்லா ஊற்றி, உறிஞ்சினாள். அடியில் மெதுவாக ஈரம் கசிந்து கறுப்புப் பாவாடையில் சொட்டியது.

"வேகமா குடிச்சா ஒழுகாது போல," என்றாள். உதட்டைத் துடைத்துக்கொண்டு, "வாயைத் திறந்தா சிரிச்சே?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"அந்தக் கப்பைக் கையில வெச்சுக்கிட்டு நான் ஒருநாளும் சிரிச்சதில்லை. குலுங்கினா உடைஞ்சிடுமோன்னு பயம்."

எல்னா படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மன்னிச்சிட்டியாம்மா?"

"எதை? கப்பையா, ஞாயித்துக்கிழமையையா?"

"ரெண்டையும்."

"கப்பை மன்னிச்சாச்சு," என்று சொல்லிவிட்டு தெக்லா கிண்ணத்தை இன்னொரு வாய்க்கு நீட்டினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்னா இல்லத்தின் கூடத்துக்குள் நுழைந்தபோது, கிழவன்கள் கிழவிகள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து காபிக்குக் காத்திருந்தார்கள். அவள் கோட்டைக் கழற்றுவதற்குள் தெக்லாவின் குரல் கணீரென்று வந்தது.

"எல்னா! என் கப்பு எப்படி இருக்கு?"

"ஏரியில இருக்கும்மா."

"சத்தமா சொல்லு. யோஹானுக்குக் காது மந்தம்."

"ஏரியில இருக்கு!"

"யாரு போட்டா?"

"நான்தான் போட்டேன்." காது மடல் பற்றிக்கொண்டது.

"சரி, உக்காரு. காபி ஆறிடும்."

தெக்லா இன்னும் பல வருஷம் இருந்தாள். அத்தனை ஞாயிறும் இதே கேள்வி, இதே பதில். ஒருமுறையும் எல்னாவின் முகம் சிவக்காமல் இருந்ததில்லை. போகப்போக, கூடத்தில் இருந்தவர்களின் உதடுகளும் அவளோடு சேர்ந்து அசையத் தொடங்கின.

அம்மாவை அடக்கம் செய்த மறு ஞாயிறு, கால் பழகிப்போனதால் எல்னா அக்கரைக்குப் போய்விட்டாள். போன பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் காலி நாற்காலிக்கு எதிரே கோட்டோடு உட்கார்ந்தாள். யோஹான் கிழவன் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு அவள் பக்கம் குனிந்தான்.

"ஏம்மா எல்னா, அந்தக் கப்பு எப்படி இருக்கு?"

அவள் எழுந்து நின்று, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். காது மடல் எப்போதும்போல எரிந்தது.